குஞ்சு எச்சத்தில் ரத்தம்: அது புழு இல்லை

உங்கள் பேரனுக்கு அந்தக் கோழிப்புழு வராது, அம்மா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதிய இரண்டு பக்கமும் கோழியைப் பற்றி இருந்தாலும் பயம் முழுக்கப் பேரனைப் பற்றித்தான். பெட்டைக்கோழி எச்சத்தில் வெள்ளையாக, விரல் நீளத்துக்கு நெளிந்ததே, அது கோழியின் உருண்டைப்புழு. கோழிக் குடலில்தான் பிழைக்கும், மனிதக் குடலில் குடியேறாது. பிள்ளைகளுக்கு வருகிற நாக்குப்பூச்சியும் கீரிப்பூச்சியும் வேறு சாதி. பையன் கொல்லையில் விளையாடிவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள். அதுகூடப் புழுவுக்காக இல்லை, கோழி எச்சத்தில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமிக்காக.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பதினோரு குஞ்சுல நாலு செத்துப்போச்சு, எச்சத்துல லேசா ரத்தம் தெரிஞ்சுது, அதுவும் புழுவாலதானே டாக்டர்?" இல்லை அம்மா. அந்த வரிக்காகத்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

ஐந்து வாரக் குஞ்சு, கார்த்திகை மழை, எச்சத்தில் ரத்தம். இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தக் கழிச்சல், நாங்கள் காக்சிடியோசிஸ் என்போம். இதற்குக் காரணம் எய்மீரியா என்கிற, கண்ணுக்கே தெரியாத ஓரணு ஒட்டுண்ணி. அது குடல் சுவரின் செல்லுக்குள்ளே புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும், ரத்தம் அங்கிருந்துதான் கசிகிறது. செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் குடலின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குருட்டுக்குடலும் கருஞ்சிவப்பாகப் புடைத்து, உள்ளே ரத்தம் கட்டிக் கிடக்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பஞ்சாரம் கிணற்றடிக்குப் பக்கத்தில் இருக்கிறது, கீழே போட்ட வைக்கோல் கறுத்துப் பிசுபிசுவென்று கிடக்கிறது, தண்ணீர்ச் சட்டியில் எச்சம் மிதக்கிறது, ஓரமாக ஒரு குஞ்சு சிறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறது. வியாதி அந்த ஈர வைக்கோலில்தான் இருக்கிறது. தாய்க்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதால் அது நன்றாக மேயும், ஆனால் அதன் எச்சத்தில் ஒட்டுண்ணி வந்துகொண்டே இருக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் அது தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும், குஞ்சு அதைக் கொத்தும், ஒரு வாரம் போல ஆனதும் அந்தக் குஞ்சின் எச்சத்தில் அது பல ஆயிரமாகத் திரும்ப வரும்.

இதற்கு நீங்கள் கொடுத்தது என்ன? மனிதர்கள் சாப்பிடும் 400 மில்லிகிராம் பூச்சி மாத்திரை ஒன்றைப் பொடித்துத் தவிட்டில் கலந்து எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறீர்கள். அப்புறம் போனில் பார்த்த வீடியோவில் யாரோ சொன்னார் என்று பப்பாளி விதை, அதற்கப்புறம் பூண்டு. அந்த மாத்திரை எய்மீரியாவை ஒன்றும் செய்யாது. தவிட்டில் கலந்ததை யார் எவ்வளவு கொத்தினார்கள் என்றும் தெரியாது, வழக்கமாகச் சேவல்தான் முக்கால்வாசியைத் தின்றிருக்கும், சோர்ந்த குஞ்சு பக்கத்திலேயே வந்திருக்காது. இப்படியே நான்கு நாள் போயிருக்கிறது. ரத்தக் கழிச்சலில் நான்கு நாள் என்பது பெரிய காலம். வீடியோ போட்டவர் உங்கள் குஞ்சைப் பார்க்கவில்லை, அவரைச் சொல்லி என்ன பயன்?

இன்றைக்கே கொடுக்க வேண்டியது ஆம்ப்ரோலியம் என்கிற மருந்து. கால்நடை மருந்துக் கடையில் 20 சதவீதத் தூளாகக் கிடைக்கும். அந்தத் தூளில் லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் குடிநீரில் கலந்து ஐந்து நாள், பிறகு 0.3 கிராமாகக் குறைத்து இன்னும் ஒரு வாரம். வேறு வீரியத்தில் கிடைத்தால் அளவும் மாறும், டப்பாவில் இருப்பதைப் படித்து மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நோய் வந்த குஞ்சு இரை எடுக்காது, தண்ணீர் மட்டும் குடிக்கும், அதனால்தான் மருந்தைத் தண்ணீரில் கொடுக்கிறோம். ஆனால் கொல்லையில் வேறு குட்டை, சாக்கடை இருந்தால் குஞ்சு அங்கே போய்க் குடித்துவிட்டு வரும், நீங்கள் கலந்த மருந்து சட்டியிலேயே கிடக்கும். ஆகவே அடைத்து வையுங்கள், தினமும் புதிதாகக் கலக்குங்கள். கடைக்காரர் கூடவே பி காம்ப்ளக்ஸ் டானிக் ஒன்று எடுத்து நீட்டுவார். இப்போது வேண்டாம். ஆம்ப்ரோலியம் பி1 வைட்டமின் போல வேஷம் போட்டுத்தான் ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது, நீங்களே அசல் வைட்டமினை ஊற்றிக் கொடுத்தால் மருந்து வீண். டானிக்கை மருந்து முடிந்ததும் கொடுங்கள்.

மருந்தைவிடத் தரை முக்கியம். பஞ்சாரத்தைத் திண்ணைக்கோ மேட்டுக்கோ மாற்றுங்கள். பழைய வைக்கோலைக் கொளுத்திவிடுங்கள் அல்லது தூரத்து எருக்குழியில் தள்ளுங்கள். காய்ந்த உமி இரண்டு அங்குலம் பரப்பி, எச்சத்தைத் தினமும் வாரிவிடுங்கள், அது தொற்றும் பக்குவத்துக்கு வருவதற்குள் அள்ளிவிடுவதுதான் சூட்சுமம். பினாயில் ஊற்றாதீர்கள், எய்மீரியாவின் மேலோட்டுக்குள் அது நுழையாது, தரையை இன்னும் ஈரமாக்குவதுதான் மிச்சம். தண்ணீர்ச் சட்டியைச் செங்கல்மேல் உயர்த்தி வையுங்கள். இன்னொரு குஞ்சு செத்தால் வாய்க்காலில் வீசாமல், அதே நாளில் கவரில் போட்டு உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள், அறுத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்களுக்கு எட்டாத தூரமில்லை.

மற்றவை. எச்சத்தின்மேல் வெள்ளைப் பூச்சு இருப்பது கோழியின் சிறுநீர், அவ்வளவுதான். எப்போதாவது பழுப்பாக, கூழாக, நாற்றமாகப் போவதும் இயல்பு, குருட்டுக்குடல் காலியாகிறது. மழைக்காலத்தில் இறகு கொட்டி முட்டை குறைவதற்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. பறவைக் காய்ச்சலோ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய கோழியெல்லாம் ஜம்மென்று மேய்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு இதென்ன கேள்வி.

பெரிய கோழிகளின் புழுவுக்கு அவசரமில்லை. குஞ்சுகள் தேறட்டும். அதற்குள் எச்சத்தைத் தீப்பெட்டியளவு ஒரு டப்பாவில் எடுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். உருண்டைப்புழு மட்டும் என்றால் பைபரசின் என்கிற புழு மருந்து போதும். அரிசி மாதிரித் தட்டைத் துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு, பைபரசினுக்கு அசையாது, வேறு மருந்து வேண்டும். அது எறும்பு, ஈ, வண்டு வழியாக வருவதால் கொல்லையில் மேயும் கோழிக்குத் திரும்பவும் வரத்தான் செய்யும். பிப்ரவரியில் கால்நடைத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடும், அதற்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். அந்த ஊசி வெள்ளைக் கழிச்சலுக்கு, அதையும் குஞ்சுகளின் ரத்தக் கழிச்சலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் மாத்திரை கொடுத்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு அந்தக் கோழிகளின் முட்டையைச் சாப்பிட வேண்டாம், பேரனுக்கும் கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விற்றுவிடலாமா என்று மகன் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். இப்போது விற்றால் வாங்குகிறவர் கொல்லைக்கும் ரத்தக் கழிச்சல் போகும். மீதி ஏழு குஞ்சையும் பாருங்கள், மருந்து ஆரம்பித்து இரண்டு நாளில் ரத்தம் நிற்காவிட்டால் உயிரோடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். அடுத்த அடையைத் தை பிறந்து, தரை காய்ந்தபிறகு வையுங்கள்.