வாசகர் கேள்வி: ஃபில்டர் உண்மையிலேயே வேகமா?

கேள்வி: மடுவத்தில் (தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடம்) நிறுக்கும் கொழுந்துக் கணக்கைப் பைதன் நிரல்மொழியில் போட்டுப் பார்க்கிறேன். மாதத்துக்கு 30,000 வரிகள். அவற்றில் எங்கள் டிவிஷனின் 400 செக்ரோல் (தொழிலாளர் பதிவேடு) இலக்கங்களுக்குரியவற்றை மட்டும் பிரிக்க வேண்டும். ஃபார் லூப், லிஸ்ட் கொம்ப்ரிஹென்ஷன் (ஒரே வரியில் லிஸ்ட் கட்டும் முறை), ஃபில்டர் மூன்றையும் ஓட்டினேன். ஃபில்டர் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிறது. மற்ற இரண்டும் இழுக்கின்றன. எல்லாவற்றையும் ஃபில்டருக்கு மாற்றிவிடலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: அவசரப்பட வேண்டாம். பைதன் 3இல் ஃபில்டர் அழைத்தவுடன் வேலையைச் செய்வதில்லை. நீங்கள் ஒவ்வொரு வரியாக எடுக்கும்போதுதான் சோதிக்கும். கூடையை ஏற்றாமலே தராசு முள்ளைப் பார்த்திருக்கிறீர்கள். ஃபில்டரை லிஸ்ட்டுக்குள் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். லாம்டாவோடு (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) எழுதியிருந்தால், வரிக்கொரு தடவை ஃபங்ஷனை அழைக்கும் செலவும் சேர்ந்து, பெரும்பாலும் கொம்ப்ரிஹென்ஷனுக்குப் பின்னால்தான் வரும். ஃபார் லூப்பில் அப்பெண்ட் செய்வது கொம்ப்ரிஹென்ஷனைவிடச் சற்றே பின்தங்கும், அவ்வளவுதான்.

உங்கள் நேரத்தைத் தின்பது உள்ளே இருக்கும் 'இன்' சோதனை, அதாவது வரியின் இலக்கம் உங்கள் 400இல் இருக்கிறதா என்று பார்ப்பது. இலக்கங்கள் லிஸ்ட்டில் இருந்தால் பைதன் முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடும். இல்லாத இலக்கத்துக்கு 400ஐயும் பார்த்தாக வேண்டும். 30,000 வரிகளுக்கு அது 1 கோடியே 20 இலட்சம் ஒப்பீடுகள் வரை போகும். அந்த 400 இலக்கங்களையும் செட் என்ற தொகுப்பு வகையாக ஆக்குங்கள். செட், ஹாஷ் முறையில் (மதிப்பிலிருந்தே இடத்தைக் கணக்கிடுவது) நேரே உரிய இடத்துக்குப் போய்ப் பார்க்கும். லூப்புக்கு வெளியே ஒரே தடவை ஆக்குங்கள். உள்ளே எழுதினால் வரிக்கு வரி புதிய செட் கட்டி, முன்பைவிட மோசமாகும்.

இன்னொன்று: சிஎஸ்வி கோப்பிலிருந்து (கொமாவால் பிரித்த தரவுக் கோப்பு) வரும் 107 என்ற இலக்கம் எண்ணல்ல, எழுத்துச் சரம். செட்டில் 107 எண்ணாக இருந்தால் எதுவுமே பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது. இரண்டையும் சரமாகவே வைத்து, ஓர இடைவெளிகளை ஸ்ட்ரிப் என்ற கட்டளையால் நீக்குங்கள். மூன்று முறைகளும் ஒரே எண்ணிக்கையான வரிகளைத் தருகின்றனவா என்று பார்த்த பிறகே நேரத்தைப் பாருங்கள்.

அளக்க, பைதனின் நேரம் அளக்கும் கருவியான டைம்இட்டின் ரிப்பீட்டில் நம்பர் 10, ரிப்பீட் 5 (சுற்றுக்குப் 10 தடவையாக 5 சுற்று) என்று கொடுங்கள். நம்பரை விட்டுவிட்டால் சுற்றுக்கு 10 இலட்சம் தடவை ஓடும். ஐந்து விடைகளில் ஆகக் குறைந்ததை எடுங்கள்; கூடியவை வேறு வேலைகள் குறுக்கிட்டதால் வருபவை. மடிகணினி சார்ஜரில் இருக்கட்டும், பெட்டரியில் பல கணினிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபில்டரை அளக்கும் வரிக்குள்ளேயே உருவாக்குங்கள். வெளியே உருவாக்கினால் முதல் சுற்றிலேயே தீர்ந்துபோய், அடுத்த சுற்றுகள் வெற்று லிஸ்ட்டையே தரும்.