கிடிக்கு 10 கோடி டாலர் அதிகமா?

கேள்வி: எதிரணியைத் தடுத்து ஆடவே தெரியாத கூடைப்பந்து வீரர் ஜோஷ் கிடிக்கு, 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடும் சிகாகோ புல்ஸ் அணி நான்கு ஆண்டுக்கு 10 கோடி டாலர் கொடுத்தது பைத்தியக்காரத்தனம் இல்லையா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. அப்போது அவருக்கு வயது 22. 2024-25 சீசனில் ஆட்டத்துக்கு 14.6 புள்ளி, 8.1 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 7.2 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கக் கொடுக்கும் பாஸ்). ஆண்டுக்கு இரண்டரைக் கோடி என்பது அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் வரம்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. இந்த வயதில் இப்படி ஆடுகிற கார்டுக்கு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) அது நியாயமான விலை.

இளம் வீரரிடம் குறை இருக்கத்தான் செய்யும். அது பயிற்சியில் தீருமா, தீராதா என்பதுதான் கேள்வி. கிடியிடம் இரண்டு வகையும் உண்டு. அவர் ஓக்லஹோமா அணியில் இருந்தபோது, 2024 பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) டல்லஸ் அணி அவரை மூன்று புள்ளிக் கோட்டருகே சும்மா விட்டுவிட்டு, அவரை மறிக்க வேண்டிய ஆளை உள்ளே நிறுத்தி ஓக்லஹோமாவின் நட்சத்திரம் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரின் வழியை அடைத்தது. தொடர் முடிவதற்குள் ஓக்லஹோமா கிடியை முதல் ஐவரிலிருந்து தூக்கிவிட்டது. ஆனால் அவரது மூன்று புள்ளி ஷாட்டைப் பாருங்கள்: முதல் சீசனில் 26.3 சதவீதம், அப்புறம் 32.5, 33.7, சிகாகோவில் 37.8. உழைக்காமல் இது வராது.

கால் வேகம் வேறு விஷயம். வேகமான கார்டு ஒரு தோளை அசைத்துக் காட்டினால், கிடி இடுப்பைத் திருப்புவதற்குள் பந்து வளையத்தருகே போய்விடும். இது மாறும் என்று நான் நம்பவில்லை. பக்கத்தில் நல்ல தடுப்பாட்டக்காரர் ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

என் கோபம் இங்கேதான். அந்த ஆள் சிகாகோவிடமே இருந்தார். 2024 ஜூனில் அலெக்ஸ் கருசோவை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்துத்தான் கிடியை வாங்கினார்கள். டிராஃப்ட் தேர்வுகள் (புதிய இளம் வீரர்களை எடுக்கும் முறைகள்) குவிந்து கிடந்த ஓக்லஹோமாவிடம் ஒன்றைக்கூடச் சேர்த்து வாங்கவில்லை! மறு ஆண்டு டென்வருடனான ஏழாவது ஆட்டத்தில், தன்னைவிட அரை அடி உயரமான டென்வரின் நட்சத்திரம் நிகோலா யோக்கிச்சை நெஞ்சோடு நெஞ்சாக மறித்து நின்றவர் அந்தக் கருசோ. ஓக்லஹோமாவோடு கோப்பையும் வாங்கிவிட்டார்.

இன்னொன்று. வேறு அணி விலை பேசினாலும், அதே தொகையைக் கொடுத்துக் கிடியை வைத்துக்கொள்ளும் உரிமை சிகாகோவுக்கு இருந்தது. அந்தக் கோடையில் பெரிய தொகைக்குச் சம்பள வரம்பில் இடம் வைத்திருந்ததோ புரூக்ளின் மட்டும்தான். இன்னும் கொஞ்சம் குறைத்துப் பேசியிருக்கலாம். சரி, அந்த வித்தியாசத்தில் அணி மூழ்கிவிடாது.

லோன்ஸோ பால் என்ற வீரரைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்து ஐசக் ஒகோரோவை எடுத்தது நல்ல வேலை. ஒகோரோ நன்றாக மறிப்பார். ஆனால் தூரத்திலிருந்து ஷாட் போட்டுவிடுவார் என்று எதிரணி அவரைக் கண்டு அஞ்சுவதில்லை. மறிக்கவும் தெரிந்து, ஷாட்டும் எடுக்கத் தெரிந்த ஒருவர் இன்னும் வர வேண்டும். அவருக்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கிடியின் சம்பளத்தை விடுங்கள்.