அவங்க ஏம்ப்பா ஓடிப் போகல? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வேலைக்காக மான்செஸ்டர் வந்து நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் மனைவி, ஒன்பது வயது மகளோடு டெர்பிஷயரில் உள்ள ஈம் கிராமத்துக்குப் போனோம். 1665இல் பிளேக் வந்தபோது பக்கத்து ஊர்களுக்குப் பரவக்கூடாது என்று தன்னைத்தானே அடைத்துக்கொண்ட ஊர். போனில் ஆடியோ டூர் இறக்கி, ஆளுக்கொரு இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு நடந்தோம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மழை வரும்போல இருந்ததால் மேட்டிலிருக்கும் ரைலி கல்லறைகளை மட்டும் விட்டுவிட்டோம். எல்லாம் நன்றாகத்தான் சொன்னார்கள், ஆனால் எனக்கு மனதில் எதுவும் ஒட்டவில்லை. நடுவில் மகள், "அவங்க ஏம்ப்பா ஓடிப் போகல?" என்றாள். "பெரிய தியாகம்மா" என்றேன். அப்புறம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தோம். இப்படிப்பட்ட ஊர்களை ஆடியோவில் பார்ப்பது சரியா, வழிகாட்டியோடு போவது நல்லதா? நல்ல ஆப் ஏதாவது தெரியுமா? அடுத்து வில்ட்ஷயரில் உள்ள லேகாக் என்ற பழைய கிராமத்துக்குப் போவதாக இருக்கிறோம்.

அன்புள்ள தம்பி,

ஆப் விஷயமெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். வழிகாட்டியா ஆடியோவா என்பதிலும் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. மோசமான வழிகாட்டியைவிட ஆடியோ மேல், அதையாவது நிறுத்தலாம்.

நான் பதில் எழுதுவது உங்கள் மகளுக்காக. கொரோனா சமயத்தில் ஈம் பெயர் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்தது. அப்போதிலிருந்து என் மனதில் கிடக்கிற கேள்வியை அந்தக் குழந்தை ஒரு வரியில் கேட்டிருக்கிறாள். நீங்கள் அவள் வாயை ஐஸ்கிரீமால் அடைத்திருக்கிறீர்கள். மனதில் எதுவும் ஒட்டவில்லை என்று குறைப்படுகிறவர் செய்கிற காரியமா இது?

முதலில், சிலர் ஓடித்தான் போனார்கள். வசதியும் வெளியூரில் சொந்தமும் இருந்தவர்கள் முன்பே கிளம்பிவிட்டார்கள். ஊரை அடைக்கலாம் என்று சொன்ன பாதிரியார் வில்லியம் மாம்பெசன்கூடத் தன் இரண்டு பிள்ளைகளையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டார். குற்றமாகச் சொல்லவில்லை, எந்தத் தகப்பனும் அனுப்புவான். மனைவி கேத்தரின் போக மறுத்து அவரோடு தங்கி, 1666 ஆகஸ்டில் செத்துப்போனார். ஆனால் "ஊரே கூடி முடிவெடுத்தது" என்று காதில் ஒரு குரல் உருகும்போது, அந்த ஊரில் யார் யார் மிச்சம் என்று கேட்க வேண்டாமா?

மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களும் சின்ன விவசாயிகளும். அவர்கள் எங்கே போவார்கள்? 1662இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. கையில் காசில்லாதவன் வேறு ஊருக்குக் குடிபோனால், நாற்பது நாளைக்குள் புகார் கொடுத்து அவனைச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாம். பஞ்சமோ நோயோ, ஏழைக்கு உதவி அவனுடைய சொந்தத் திருச்சபை எல்லைக்குள்தான். எல்லையைத் தாண்டினால் அவனுக்கு யாரும் பொறுப்பில்லை. இது பிளேக் இல்லாத காலத்து நிலைமை. பிளேக் ஊரிலிருந்து வருகிறவனுக்கு? ஈம் பெண் ஒருத்தி பக்கத்து ஊரான டைட்ஸ்வெல்லின் சந்தைக்குப் போனபோது அடையாளம் கண்டு சேற்றை வாரி அடித்துத் துரத்தினார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. கதையாகவே இருக்கட்டும், அது எப்படிப்பட்ட பயத்திலிருந்து வந்தது என்பது தெரிகிறதல்லவா?

அதே 1662இல் இன்னொரு சட்டமும் வந்தது. அரசு ஏற்ற பிரார்த்தனைப் புத்தகத்துக்கு ஒத்துக்கொள்ளாத பாதிரியார்கள் வேலையிழந்தார்கள். மாம்பெசனுக்கு முன்பு ஈமில் இருந்த தாமஸ் ஸ்டான்லி அப்படிப் போனவர்தான். 1665இல் அதற்கு மேல் ஒன்று: இப்படி நீக்கப்பட்டவர்கள் பழைய ஊருக்கு ஐந்து மைல் கிட்டத்தில் வரக்கூடாது. ஸ்டான்லியோ ஈமிலேயே இருந்தார். ஜனங்கள் நம்பியது அவரைத்தான். மாம்பெசன் புதிது, இளைஞர், அரசனின் சபைக்காரர். 1666 ஜூனில் இரண்டு பேரும் சேர்ந்து நின்று சொன்னதால்தான் ஊர் கேட்டது. சட்டப்படி அங்கே இருக்கவே கூடாத ஒருவரின் வார்த்தைக்காக ஜனங்கள் ஊர் எல்லைக்குள் நின்றார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் அவர்தான். உங்கள் கடிதத்தில் அவர் பெயரே இல்லை.

அந்த ஜூனுக்குள் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவில் கணக்கு ஏறத்தாழ 260. சரி, போக்கிடம் இல்லாததால் நின்றார்கள், இதில் என்ன தியாகம் என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். இருட்டில் மலைக்காட்டுக்குள் நழுவ நினைத்தால் நழுவியிருக்கலாம். பெரும்பாலானோர் நழுவவில்லை. போக்கிடமும் இல்லை, போகவும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஒன்பது வயதுக் குழந்தைக்குப் புரியாது என்று யார் சொன்னது?

நான் அங்கே போனபோது என் காதிலும் ஆடியோதான். நோய் முதலில் வந்த வீடான பிளேக் காட்டேஜ் வாசலில் அதை நிறுத்தினேன், ஏனென்றால் அடுத்த பந்திக்கு ஆள் நிற்கிறது என்று இலையை எடுக்கிறவர் மாதிரி அந்தக் குரல் அவசரப்படுத்தியது. அந்த வரிசை வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வேலிக்குப் பக்கத்தில் குப்பைத்தொட்டி நிற்கிறது. பலகையில் பெயர்கள், செத்த தேதிகள். தையல்காரரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ், 1665 செப்டம்பர் 7. லண்டனிலிருந்து வந்த துணி மூட்டையைப் பிரித்தவர் என்பார்கள். வீட்டுக்காரி மேரியின் மகன் எட்வர்ட், வயது 4, செப்டம்பர் 22. இன்னொரு மகன் ஜோனத்தன், வயது 12, அக்டோபர் 2. புதுக் கணவர் அலெக்சாண்டர், அடுத்த வருடம் ஆகஸ்ட் 3. மேரி பிழைத்தார், பதின்மூன்று உறவினர்களை இழந்து. படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் இரண்டாவது மகனுக்கும் கணவருக்கும் நடுவில் இருக்கிற பத்து மாதத்தை அந்த இடத்தில் நின்றுதான் யோசிக்க முடியும். எந்த வீட்டில், யாரோடு, என்ன வேலை பார்த்துக்கொண்டு இருந்திருப்பார் மேரி?

அப்புறம் ரைலி. மழை வரும்போல இருந்ததாம்! இங்கிலாந்தில் எப்போது தம்பி மழை வரும்போல இல்லாமல் இருந்தது? அந்தப் பலகையில் மேரியின் கணவருக்கு இருக்கிற அதே ஆகஸ்ட் 3ஆம் தேதிதான் மேட்டுப் பண்ணையிலிருந்த ஹான்காக் வீட்டிலும் சாவு தொடங்கியது. 10ஆம் தேதிக்குள் கணவரும் ஆறு பிள்ளைகளும் போய்விட்டார்கள். அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே புதைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எலிசபெத் ஹான்காக் தனி ஆளாக இழுத்துப்போய்ப் புதைத்தார். வயலுக்கு நடுவில் வட்டமாக ஒரு கல்சுவர், அதற்குள் அந்தக் கற்கள், அவ்வளவுதான். அந்த மேட்டில் மூச்சு வாங்க ஏறும்போதுதான் 'இழுத்துப்போய்' என்றால் என்னவென்று காலுக்குத் தெரியும். எலிசபெத் பின்னால் ஷெஃபீல்டில் மிஞ்சியிருந்த ஒரே மகனிடம் போய்ச் சேர்ந்தார் என்கிறார்கள். உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள், கடைசியில் ஒருத்தி போனாள் என்று.

லேகாக் எங்கேயும் ஓடாது. திரும்பவும் ஈமுக்கே போங்கள். இந்த முறை போன் உங்கள் பையில் இருக்கட்டும், எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை மகள் சொல்லட்டும். காலையிலேயே ரைலிக்கு ஏறிவிடுங்கள், அப்புறம் ஊருக்குள் இறங்கலாம். அருங்காட்சியகம் குளிர்காலத்தில் திறந்திருக்காது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுங்கள், அவள் கேள்வி கேட்டு முடித்த பிறகு.

அன்புடன்,
அக்கா