கல்லூரி அல்ல, குழு

கேள்வி: அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 'தேர்தல் கல்லூரி'யில், ஒரு மாநிலத்தின் வாக்குகள் எல்லாம் ஒருவருக்கே போவது ஏன்? அரசியல் சட்டம் அப்படிச் சொல்கிறதா? (ஒரு வாசகர், தேனி)

பதில்: அந்தக் 'கல்லூரி'யை முதலில் விடுங்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பத்திரிகைகளில் அது தலைகாட்டுகிறது. ஒவ்வொரு முறையும் நான் சண்டைக்குப் போகிறேன். 'காலேஜ்' என்றால் இங்கே குழு. நம் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதை 'வாக்காளர் குழு' என்று எழுதத் தெரிந்த கை, அமெரிக்கா என்றதும் ஏன் அகராதியின் முதல் பொருளைப் பிடித்துக்கொள்கிறது? அமெரிக்க அரசியல் சட்டத்தில் 'எலெக்டோரல் காலேஜ்' என்ற சொற்றொடரே கிடையாது. அதிபருக்கு வாக்களிக்கும் 538 தேர்வாளர்களும் ஓரிடத்தில் கூடுவதும் இல்லை. டிசம்பரில் அவரவர் மாநிலத்தில் கூடி வாக்களிக்கிறார்கள்.

சட்டம் சொல்வது இவ்வளவுதான்: கீழவையிலும் செனட்டிலும் சேர்த்து ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடமோ, அத்தனை தேர்வாளர்கள். அவர்களை எப்படி நியமிப்பது என்பது மாநிலச் சட்டமன்றத்தின் பொறுப்பு. 'வென்றவருக்கே எல்லாம்' என்பது கட்சிகள் செய்த வேலை. 1796 அதிபர் தேர்தலில் ஜெஃபர்சன் மூன்றே தேர்வாளர் வாக்குகளில் ஜான் ஆடம்ஸிடம் தோற்றார். தொகுதிக்கு ஒரு தேர்வாளர் என்ற முறை இருந்ததால், அவருடைய சொந்த வர்ஜீனியாவிலேயே ஒரு வாக்கு ஆடம்ஸுக்குப் போயிருந்தது. 1800-ல் வர்ஜீனியா சட்டத்தை மாற்றியது. 21 வாக்குகளும் ஜெஃபர்சனுக்கு. ஆடம்ஸின் மாசசூசெட்ஸ் சும்மா இருக்குமா? தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்களிடமிருந்தே பிடுங்கிச் சட்டமன்றத்திடம் கொடுத்தது. இப்படி ஒன்றைப் பார்த்து ஒன்று மாறியதில், 1836-க்குள் தென் கரோலினா நீங்கலாக எல்லா மாநிலங்களும், மக்கள் வாக்கில் முந்தியவருக்கு மொத்தத்தையும் அள்ளிக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டன.

2020-ல் டிரம்ப்புக்கு மிக அதிக வாக்குகள் விழுந்த மாநிலம் எது தெரியுமா? டெக்சாஸ் அல்ல, கலிஃபோர்னியா. 60 லட்சம் பேர்! அந்த மாநிலத்தின் 55 தேர்வாளர் வாக்குகளில் அவருக்கு ஒன்றுகூட இல்லை. எனக்கு அவர் அரசியலில் உடன்பாடு கிடையாது. ஆனால் அந்த 60 லட்சம் பேர் வாக்களித்தும் கணக்கில் வராமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டுமே தொகுதிவாரியாகப் பிரிக்கின்றன. மாநில அளவில் முந்தியவருக்கு இரண்டு, மற்றவை தொகுதிக்கு ஒன்று. குடியரசுக் கட்சியின் கோட்டையான நெப்ராஸ்காவில், ஒமாஹா நகரத் தொகுதி 2008-லும் 2020-லும் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தது. 2024 செப்டம்பரில் அந்த ஒரு வாக்குக்காகச் சட்டத்தையே மாற்றப் பார்த்தார்கள். குடியரசுக் கட்சியின் மாநிலச் செனட்டர் ஒருவரே முடியாது என்று நின்றுவிட்டார். நவம்பரில் ஒமாஹா மறுபடியும் தன் விருப்பப்படி வாக்களித்தது.