ராத்திரி கூச்சல் போடும் தம்பிக்கு யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: மண்டபம் பக்கம் மீனவக் கிராமம். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு மனநிலை சரியில்லை. ராத்திரியில் கரையில் கூச்சல் போடுவான், படகுகள் மேல் கல்லெறிவான். போன முறை போலீசைக் கூப்பிட்டோம். அடி வாங்கித் திரும்பினான். இனி ஊர்க் கமிட்டியே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். சரியா?

பதில்: பாதி சரி. இது முதலில் வைத்தியத்துக்கான அழைப்பு. அமெரிக்காவின் யூஜின் நகரில் 1989 முதல் பல ஆண்டுகள் இப்படிப்பட்ட அழைப்புகளுக்கு ஆயுதமில்லாத வேன் ஒன்று போனது. அதில் மருத்துவப் பணியாளர் ஒருவர், நெருக்கடி நேர ஆலோசகர் ஒருவர். போலீசே வேண்டாம் என்று வாதிடுவோர் அடிக்கடி காட்டும் உதாரணம் அது. நம் கரையில் அந்த வேன் இல்லை. 14416 இருக்கிறது: இரவு பகலாக, தமிழிலேயே பேசும் இலவச மனநல உதவி எண். 108 இருக்கிறது, கூப்பிடும்போதே மனநலப் பிரச்சினை என்று சொல்லிவிடுங்கள். மீதி வேலை ஊரில் இருப்பவர்களுடையது.

அவன் நம்பும் இரண்டு பேர் மட்டும் அருகே போகட்டும். கூட்டம் வேண்டாம், முகத்தில் டார்ச் அடிக்க வேண்டாம், செல்போனில் படம் பிடிக்கவே வேண்டாம். அரிவாள், மண்ணெண்ணெய் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள். துரத்தாதீர்கள், துரத்தினால் கடலுக்குள் இறங்கிவிடுவான்.

கையில் ஆயுதம் இருந்து உயிருக்கு ஆபத்து என்றால் 112-ஐக் கூப்பிடத்தான் வேண்டும். அப்போதும் 2017 மனநலச் சட்டத்தின் 100-வது பிரிவை நினைவில் வையுங்கள். மனநோயோடு தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் போலீஸ் அழைத்துப்போனால் லாக்கப்பில் வைக்கக் கூடாது; 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். போன முறை விழுந்த அடிக்கு 15100-ல் இலவச சட்ட உதவி கேளுங்கள்.

கமிட்டி என்றதும் எனக்கு ஏர்வாடிதான் நெஞ்சில் வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே மனநோயாளிகள் இருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிக் கிடந்தவர்கள் அவர்கள்; கட்டியது போலீஸ் இல்லை. குடும்பங்கள் நம்பிக் கொண்டுவந்து விட்ட தனியார் இல்லம் அது. இன்று யார் சங்கிலி போட்டாலும் சட்டவிரோதம். கட்டிப்போடுவது, அபராதம், ஊர்விலக்கு என்று கமிட்டி இறங்கினால், ஸ்டேஷனில் நடந்ததுதான் ஊருக்குள்ளும் நடக்கும்.

தம்பி தெளிவாக இருக்கும் ஒரு பகலில் அவனோடு உட்காருங்கள். முடியாமல் போகும்போது யார் பக்கத்தில் இருக்க வேண்டும், எந்த மருத்துவமனை, எது கூடவே கூடாது என்று அவனையே கேளுங்கள். அதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை அதே சட்டம் அவனுக்குத் தருகிறது.