மாநிறமாக இருப்பவர்கள் ஐஷாடோவை எடுப்பாகப் போடுவது எப்படி? முகூர்த்தம், ரிசப்ஷன், நடன மேடை என ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரி போட வேண்டுமா?

ஆமாம், வேறு மாதிரிதான் போட வேண்டும். நான் மதுரையில் 11 வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். அதற்கு முன்னால் ஒரு நடனப் பள்ளியின் ஆண்டு விழாக்களில் பிள்ளைகளுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். எந்த நிறம் என்று யோசிப்பதற்கு முன்பே, அந்தக் கண் எங்கே பார்க்கப் போகிறது, அதை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப் போகிறார்கள் என்று யோசிக்க வேண்டும். இந்த இரண்டு வேலைகளிலும் நான் கற்றது அதுதான்.

முகூர்த்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாரை வார்க்கும்போது, தாலி ஏறும்போது, மெட்டி போடும்போது மணப்பெண் குனிந்துதான் இருப்பாள். கல்யாண ஆல்பம் கையில் இருந்தால் புரட்டிப் பாருங்கள், முக்கியமான படங்களில் எல்லாம் அவளுடைய இமைதான் தெரியும், கண் தெரியாது. அதனால் முகூர்த்தத்துக்கு நான் இமை முழுவதையும் ஒரே பரப்பாக நினைத்து வேலை செய்வேன். கண்ணைத் திறந்தால் மடிப்புக்குள் போய்விடும் இடம்தானே என்று விட்டுவிட்டால் படத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

அரக்கு நிறக் கூரைப் புடவைக்கு எனக்குப் பிடித்தது செம்பு நிறமும் பழைய தங்க நிறமும். முதலில் நிறம் கலையாமல் நிற்க இமையில் பிரைமர், அதன்மேல் தோல் நிறத்துக்குப் பொருந்தும், கருமையை மறைக்கும் கன்சீலரை மெல்லியதாகத் தடவி, கொஞ்சம் பவுடர் ஒற்றிவிடுவேன். பிறகு இமை மடிப்பில் மேட் (மினுக்கம் இல்லாத) பழுப்பு. புசுபுசுவென்ற ப்ரஷ்ஷை நுனியில் பிடித்து, கார் கண்ணாடி வைப்பர் போல இப்படியும் அப்படியும் மெதுவாக ஓட்ட வேண்டும். ப்ரஷ்ஷை முடிக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்தால் கோடு விழும். வெளி ஓரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒயின் சிவப்பு. நடுவில் மினுமினுக்கும் செம்பு ஷிம்மர், அதை மட்டும் விரலால் ஒற்றுவேன். விரலின் சூட்டில் ஷிம்மர் நன்றாகப் படியும், ப்ரஷ்ஷால் போட்டால் பாதி கன்னத்தில் உதிரும். கடைசியில் இமை முடியை ஒட்டிக் கரும்பழுப்புப் பென்சிலால் கோடு இழுத்து, அது காய்வதற்குள் தேய்த்து மங்கலாக்கிவிட வேண்டும்.

கீழ் இமையை மட்டும் கூடிய வரை சும்மா விடுங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மணப்பெண்ணுக்குக் கீழ் இமையிலும் அடர்த்தியாகக் காஜல் போட்டேன். ஹோமப் புகையில் கண்ணீர் வழிந்து, தாலி கட்டும் நேரத்தில் கன்னம் வரை கறுப்பு இறங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா முந்தானையால் துடைத்துவிட்டதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அதிலிருந்து ஹோமம் உள்ள கல்யாணம் என்றால் வாட்டர்புரூஃப் ஜெல் பென்சில் மட்டும்தான், அதுவும் மேல் இமைக்கு மட்டும்.

சரி, மாநிறம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடையில் பார்க்கும்போது அழகாக இருக்கும் வெளிர் ரோஜா, லாவண்டர், இளநீலம் எல்லாம் நம் இமையில் சாம்பல் பூசியது போல ஆவதற்குக் காரணம் உங்கள் தோல் இல்லை. அந்த வெளிர் நிறங்களில் வெள்ளை நிறமி அதிகம். பழுப்புத் தோல்மீது வெள்ளை மெல்லியதாகப் படிந்தால் சாம்பலாகத்தான் தெரியும். அதைச் சரிசெய்கிறேன் என்று இமையை இரண்டு ஷேட் வெளுப்பாக்கிவிட்டு நிறம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. முகம் ஒரு நிறம், இமை ஒரு நிறமாகத் தெரியும், நான்கு மணி நேரத்தில் வெடித்தும் விடும். நம்மில் பலருக்கு இமை முகத்தைவிடக் கருமையாக இருக்கும். அதற்கு ஆரஞ்சு சாயல் உள்ள கரெக்டர் கொஞ்சம் போதும். செம்பு, வெண்கலம், செங்கல் சிவப்பு, ஒயின், மயில் கழுத்து நீலம், மரகதப் பச்சை இதெல்லாம் மாநிறத்தில் ஒளிரும் அளவுக்கு வெளுத்த தோலில் ஒளிர்ந்து நான் பார்த்ததில்லை. லாவண்டர்தான் வேண்டும் என்றால், அடியில் கத்தரிப்பூ நிறப் பென்சிலைத் தேய்த்துவிட்டு அதன்மேல் லாவண்டர் ஷிம்மரைப் போடுங்கள்.

ரிசப்ஷன் இதற்கு நேர் எதிர். மூன்று மணி நேரம் மேடையில் நின்று கேமராவை நேராகப் பார்க்க வேண்டும். கண் திறந்திருக்கும்போது இமையில் பாதிக்கு மேல் மடிப்புக்குள் போய்விடும். அதனால் இங்கே நிறம் மடிப்புக்குக் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு போட்டு, பிறகு திறந்து பார்த்து ஒன்றும் தெரியவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர். கண்ணாடியை நேராகப் பார்த்துக்கொண்டு, கண் திறந்த நிலையிலேயே, மடிப்புக்கு மேலே எந்த இடம் தெரிகிறதோ அங்கே பழுப்புப் பென்சிலால் மூன்று புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகள்தான் உங்கள் எல்லை. இமை தொங்கலாக இருப்பவர்களுக்கு இது இல்லாமல் நடக்கவே நடக்காது.

ரிசப்ஷனுக்கு நான் அதிகம் போடுவது கட் கிரீஸ். மடிப்புக்கு மேலே அடர் நிறத்தை நன்றாகக் கலந்துவிட்டு, பிறகு தட்டையான சின்னப் ப்ரஷ்ஷில் கன்சீலர் எடுத்து, இமையின் கீழ்ப் பகுதியை மட்டும் சுத்தமாக வெட்டி எடுத்தது போலப் பூச வேண்டும். அந்த வெட்டிய இடத்தில் தங்கமோ வெள்ளியோ நனைந்த ப்ரஷ்ஷால் வைத்தால் தகடு ஒட்டியது போல மின்னும். இதைப் பழக எனக்கே ஆறு மாதம் ஆனது, கல்யாணத்தன்று முதன்முறையாக முயற்சி செய்யாதீர்கள். கை பழகவில்லை என்றால், அடர் நிறத்தைப் புகை போல மங்கலாகக் கலந்துவிடும் ஸ்மோக்கி போதும். கறுப்பில் ஆரம்பிக்காமல் காப்பிப்பொடி நிறத்தில் ஆரம்பித்து, கறுப்பை இமை முடியின் ஓரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு கூடிப்போனால் சரிசெய்துவிடலாம், கறுப்பு கூடிப்போனால் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மேடை விளக்கையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பு விளக்கு அடித்தால் நீங்கள் போட்ட ஒயின் நிறம் காணாமல் போய்விடும். நீல விளக்கில் செம்பழுப்பு கறுப்பாகத் தெரியும். ஷிம்மர் மட்டும் எந்த விளக்கானாலும் அதைத் திருப்பி அடிக்கும், அதனால்தான் ரிசப்ஷனுக்கு அது அவசியம். கண்ணுக்குக் கீழே வெள்ளை லூஸ் பவுடர் போடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சிலிகா அதிகம் உள்ள பவுடர் நேரில் பார்த்தால் தெரியாது, ஃபிளாஷ் அடித்ததும் வெள்ளைத் திட்டாகப் படத்தில் விழும். மண்டபத்துக்குக் கிளம்பும் முன் ஃபிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நடன மேடைக்கு வந்தால், இதுவரை சொன்ன மென்மையான பிளெண்டிங் எல்லாம் பத்தாவது வரிசையில் இருப்பவருக்குப் போய்ச் சேராது. அவருக்குத் தெரிவது கோடு மட்டும்தான். பரதத்தில் திருஷ்டி பேதம், அதாவது கண் பார்வையின் வகைகள், எட்டு. சமம், ஆலோகிதம், சாசி என்று கண் ஒவ்வொரு பக்கமாகப் போகும்போது அந்த வெள்ளை விழி தெரிந்தால்தான் அபிநயம் தெரியும். அதனால் கண்ணைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். மேல் கோட்டைக் கண்ணின் வெளி ஓரத்திலிருந்து, காதுப் பக்கம் உள்ள நெற்றிப்பொட்டை நோக்கி நீட்டுங்கள். கீழ்க் கோட்டை இமை முடியிலிருந்து ஒரு நூல் இறக்கி, மேல் கோட்டுக்கு இணையாகவே வெளியே கொண்டுபோங்கள். இரண்டையும் ஓரத்தில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் கண் மூடிய பெட்டி போல ஆகிவிடும். நடுவில் விடும் அந்த இடைவெளியில் கொஞ்சம் வெள்ளைப் பென்சில் தீட்டினால் தூரத்திலிருந்து கண் நீளமாகத் தெரியும். மடிப்பில் மேட் கரும்பழுப்பு, இமையில் உடையின் பார்டர் நிறம், புருவம் வழக்கத்தைவிட ஒரு மடங்கு அழுத்தமாக. பக்கத்தில் பார்க்கும்போது இது அதிகமாகத்தான் தெரியும். பிள்ளையின் அம்மா பயந்து துடைக்கச் சொன்னால், அரங்கத்தின் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போய் அங்கிருந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

பிறந்தநாள், கல்லூரி ஃபேர்வெல் போன்றவற்றுக்கு இவ்வளவு வேண்டாம். இமை முழுவதும் ஒரே வெண்கல ஷிம்மர், கீழ் இமை ஓரத்தில் ஒரு துணிச்சலான நிறக் கோடு, மஸ்காரா. பத்து நிமிட வேலை.

கண்ணாடி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மைனஸ் பவர் கண்ணைச் சிறிதாகக் காட்டும், அதனால் கோட்டையும் நிறத்தையும் ஒரு படி கூட்டலாம். ப்ளஸ் பவர் பெரிதாக்கிக் காட்டும், சரியாகக் கலக்காத இடமெல்லாம் அப்படியே தெரியும்.

எந்த நிகழ்ச்சியானாலும் கண்ணை முடித்துவிட்டுத்தான் ஃபவுண்டேஷனுக்குப் போக வேண்டும். அடர் நிறம் கன்னத்தில் உதிர்ந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுத் தொடரலாம்.

அப்புறம், கைவினைப் பொருள் கடையில் விற்கும் கிளிட்டரைக் கண்ணருகே கொண்டுபோகவே போகாதீர்கள். அந்தத் துகள்களின் ஓரம் கூர்மையாக இருக்கும், கருவிழியைக் கீறிவிடும். கண்ணுக்கென்றே தயாரித்த கிளிட்டரையும் அதற்கான பசையோடுதான் ஒட்ட வேண்டும், லென்ஸ் போட்டிருந்தால் அதுவும் வேண்டாம். லேபிள் இல்லாமல் விற்கும் சுர்மாவும் (கண்ணுக்கு இடும் மைப்பொடி) வேண்டாம், அவற்றில் சிலவற்றில் காரீயம் இருக்கிறது. மஸ்காராவைத் திறந்து மூன்று மாதம் ஆகிவிட்டால் பாதி மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். கல்யாண வீட்டில் ஒரே காஜல் அக்கா, தங்கை, சித்தி என்று சுற்றி வரும். கண்வலியும் அதோடு சேர்ந்து சுற்றும்.

இரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கலைக்காமல் படுக்காதீர்கள். பஞ்சில் தேங்காய் எண்ணெயோ கிளென்சிங் ஆயிலோ நனைத்து, மூடிய இமைமேல் அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பிறகு கீழ்நோக்கி ஒரு முறை இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும், தேய்க்க வேண்டியதில்லை. மிச்சம் ஒட்டியிருந்தால் பட்ஸ் நுனியில் எண்ணெய் தொட்டு இமை முடியின் ஓரத்தில் மட்டும் ஓட்டி எடுத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள்.