கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்: ஒரு திருப்பூர் அப்பாவுக்குப் பதில்

வணக்கம் ஐயா,

"சட்டம் படிச்சுட்டு கம்பெனியில கம்ப்ளையன்ஸ்னு உக்காந்தா அது வக்கீல் வேலையா, கிளார்க் வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாயப்பட்டறை சூப்பர்வைசரான உங்களுக்கு உங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ப் பட்டறைகள் மூடப்பட்டது மறந்திருக்காது. வழக்கு வந்தபின் வாதாடுபவர் ஒருவர். அது வராமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பவர் இன்னொருவர். உங்கள் பாப்பா ஆசைப்படுவது இரண்டாவது வேலைக்கு. கம்பெனி சட்ட விதிகளின்படி நடக்கிறதா என்று பார்க்கும் இந்த வேலைக்குத்தான் கம்ப்ளையன்ஸ் என்று பெயர்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கன்சென்ட், அதாவது பட்டறையை ஓட்டத் தரும் அனுமதி, உங்கள் ஆபீசிலும் இருக்கும். எல்லோரும் பார்ப்பது அது முடியும் தேதியை மட்டும்தான். வில்லங்கம் பின்பக்க நிபந்தனைகளில் இருக்கிறது. அனுமதித்த அளவுக்கு மேல் உற்பத்தியைக் கூட்டினால், தேதி மிச்சம் இருந்தாலும் விதிமீறல்தான். மாதம் 15-க்குள் பி.எஃப். கட்டியாச்சா என்று டிக் போடுவது கிளார்க் வேலை. "இந்த ஆர்டரை இந்தக் கன்சென்ட்டை வைத்து ஓட்ட முடியாது" என்று முதலாளியிடம் எழுத்தில் சொல்வது வக்கீல் வேலை. அவர் முகம் சுளிப்பார், அதையும் தாங்க வேண்டும்.

பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்கூட 2013 சட்டப்படி பாலியல் புகார் கமிட்டி வேண்டும், அதில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். எத்தனை பனியன் கம்பெனிகளில் அது பேப்பரில் மட்டும் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பெரிய இடங்களும் விலக்கல்ல. தொடர்ந்து விதிகளை மீறியதாகச் சொல்லி, 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி தடை போட்டது. அதனால் வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனிகளில் இந்த வேலைக்கு மதிப்பு இருக்கிறது.

இரண்டு சிக்கல்களை யாரும் முன்னாடி சொல்ல மாட்டார்கள். முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால் வக்கீல்களுக்கு விதி வகுக்கும் பார் கவுன்சிலின் விதி 49-இன்படி ப்ராக்டீஸை நிறுத்தி வைக்க வேண்டும். காலையில் கோர்ட், மதியம் கம்பெனி என்பது நடக்காது. அடுத்தது, பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தில் 'கம்ப்ளையன்ஸ் ஆபீசர்' என்ற பதவிக்கு, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி கம்பெனி செகரட்டரி (சி.எஸ்.) படிப்பு முடித்திருக்க வேண்டும். அந்த நாற்காலிதான் குறி என்றால் சட்டத்தோடு சி.எஸ்.ஸும் சேர்த்துப் படிக்கட்டும். இல்லையென்றால் அந்தச் சுமை வேண்டாம்.

என் அபிப்பிராயம்: படித்து முடித்ததும் நேராகக் கம்பெனிக்குப் போகாமல் ஒரு சீனியரிடம் இரண்டு வருஷமாவது ஜூனியராக இருக்கட்டும். கையில் வருவது பெட்ரோலுக்குச் சரியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விளக்கம் கேட்டு வரும் ஒரு ஷோகாஸ் நோட்டீஸ் வழக்காக வளர்வதைக் கண்ணால் பார்த்தவர் எழுதும் எச்சரிக்கைக் கடிதத்துக்குத் தனி எடை உண்டு.

அதற்கு முன் ஒரு சோதனை. முதலாளியிடம் கேட்டு அந்தக் கன்சென்ட்டின் நகலை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பாப்பா நிபந்தனைகளை ஒன்று விடாமல் படித்துவிட்டு உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்டால் தைரியமாகச் சேர்த்துவிடலாம். நாலாவது வரியில் போனை எடுத்தால் இன்னொரு தடவை யோசியுங்கள்.

அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்து வருஷப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வு இப்போதெல்லாம் டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது, பொதுத்தேர்வுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.